புதன்கிழமைத் தளபதிகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில், புதன்கிழமைப் பிற்பகல்களில் பரமட்டா நூலகத்துக்குப் போய், பிரித்தானியர் அமெரிக்காவை எப்படி இழந்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாடம் நடத்தியவர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பேராசிரியர். கேட்க வந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களே. இரண்டு மணிக்குத் தொடங்குவார். மத்தியானச் சோறு வயிற்றில் இருக்கும், ஹீட்டர் காலடியில் ஊதிக்கொண்டிருக்கும், அவருடைய குரலோ தாலாட்டுவதற்கென்றே செய்தது போன்றது. பாதியைக் கேட்டேன், பாதியைக் கனவில் கண்டேன். எது எந்தப் பாதி என்று இப்போது சத்தியம் செய்யமாட்டேன்.

தோற்ற போர் என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. மன்னாரில் பிறந்தவனுக்கு அது போதிய அளவு தெரியும். ஆனால் இது வேறு யாரோ தோற்ற போர். அதைக் காலை நீட்டிக்கொண்டு கேட்பதில் ஒரு சுகம் இருந்தது, மறைப்பானேன்.

பேராசிரியருக்குச் சண்டைகளில் பெரிய அக்கறை இல்லை. அந்தப் போரை நடத்திய ஆட்களைப் பற்றித்தான் பேசுவார். பெயர்கள் எனக்கு மனதில் நிற்காது. ஆகவே கொப்பியில் அரசர், பிரதமர், மந்திரி, வடக்குத் தளபதி, தெற்குத் தளபதி என்று எழுதிக்கொண்டேன். பிரதமர் தடித்த, நல்ல மனிதர். நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியினர் கத்திக்கொண்டிருக்க, கண்ணை மூடிக்கொண்டு தூங்குவாராம். இந்தப் போரை வெல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும். என்னை விட்டுவிடுங்கள் என்று அரசரைத் திரும்பத் திரும்பக் கெஞ்சினார். அரசர் விடவில்லை, அவரும் போகவில்லை. அரசர்கூடக் கடைசியில் முடியைத் துறக்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதினாராம். எழுதினார், கொடுக்கவில்லை.

குடியேற்றங்களுக்குப் பொறுப்பான மந்திரி லண்டனில் இருந்துகொண்டு கடலுக்கு அப்பால் போர் நடத்தினார். ஒரு கட்டளை கப்பலில் போய்ச் சேர இரண்டு மாதம், சில வேளை மூன்று. பதில் வர இன்னும் அவ்வளவு. கட்டளை கரையேறும்போது, அது யாருக்காக எழுதப்பட்டதோ அந்தப் படை வேறெங்கோ போயிருக்கும். ஒரு வருடம் ஒரு தளபதி கனடாவிலிருந்து காடு வெட்டிக்கொண்டு தெற்கே இறங்கி வந்தார். நியூயோர்க்கில் இருந்த மற்றத் தளபதி வடக்கே ஏறி வந்து தன்னைச் சந்திப்பார் என்று நம்பி வந்தார். நியூயோர்க்கில் இருந்தவரோ வேறொரு நகரத்தைப் பிடிக்கலாம் என்று கப்பலேறிப் போய்விட்டார். காட்டிலிருந்து வந்தவர் முழுப் படையோடு சரணடைந்தார். பிறகு ஆளை ஆள் குற்றம் சொல்லிக் கடிதம் கடிதமாக எழுதினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வகுப்பில் சத்தமாகவே சிரித்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்போது ஒரு மந்திரிசபை நடந்துகொண்டிருந்தது என்பதை எப்படித்தான் மறந்துபோய்ச் சிரித்தேனோ தெரியவில்லை.

மாமி, அதாவது என் மனைவியின் தாய், எங்களோடு நார்த்மீட் வீட்டில் இருக்கிறார். எழுபத்தெட்டு வயது. குளிர் தொடங்கிய மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்து, ஆஸ்பத்திரியில் இரத்தக் குழாய்க்குள் கம்பிச்சுருள் வைத்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள், மன்னாரில் இருந்த அவருடைய மூத்த மகன் சந்தைக்குப் போன வழியில் விழுந்து இறந்துபோனார். அவருக்கும் நெஞ்சுதான்.

செய்தி முதலில் என் ஃபோனுக்கு வந்தது. மனைவியைக் கராஜுக்குள் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் துணி உலர்த்தும் மெஷினைப் போட்டுவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்று அழுதார். நான் மெல்பேணில் இருக்கும் அவருடைய தம்பியை அழைத்தேன். மச்சானைப் பிடிப்பதென்றால் எப்போதும் த பேசின் என்ற ஊர்ப் பிள்ளையார் கோயில் கார்ப்பார்க்கில்தான் பிடிக்கலாம். அவர் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கர், மனைவி சைவம், மனைவி கும்பிட்டு வரும்வரை காருக்குள் இருந்து உலகத்தோடு கதைப்பார்.

"அம்மாவுக்கு என்னெண்டு அத்தான் சொல்லுறது?" என்று கேட்டார்.

"இப்ப வேண்டாம்," என்றேன். "கொஞ்சம் தேறட்டும். ஒரு கிழமை போகட்டும்."

இதை முதலில் சொன்னவன் நான்தான். பின்னர் இது எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன்.

ஒரு கிழமை, ஒரு மாதமானது. அந்த மாதத்தில் நாங்கள் செய்த வேலைகளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மரண அறிவித்தலை இணையத்தில் போட்டோம், போடாமல் விட்டால் ஊர் என்ன சொல்லும்? அதில் அன்னாரின் பாசமிகு தாயார் என்று மாமியின் பெயரும் இருந்தது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சனமெல்லாம் மாமி துக்கத்தில் இருக்கிறார் என்று வாசித்து அறிந்தது. அவருக்கு மட்டும் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்களை நான் கேற்றிலேயே மறித்து, முகத்தைத் துடைக்கச் சொல்லி, மாமியைச் சுகம் விசாரிக்க வந்ததாக நடிக்கச் சொல்லி உள்ளே அனுப்பினேன். மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு மாமியைக் கூட்டிப்போவதை நிறுத்தி, எங்கள் ஆட்கள் வராத தூரத்து மாதா கோயில் ஒன்றில் ஆங்கிலப் பூசைக்குக் கூட்டிப்போனோம். முப்பத்தோராம் நாள் பூசையை மெல்பேணில் மச்சான் ஒப்புக்கொடுத்தார். அன்றைக்கு மாமி எங்கள் குசினியில் இருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் மூத்த மகன் ஞாயிறு தோறும் பூசை முடிய மாமியை அழைக்கிறவர். இரண்டு ஞாயிறு போனது. ஃபோன் பழுது என்று மனைவி சொன்னார். நாலு ஞாயிறு போனது. வேலை கூடிப்போனது என்று மெல்பேணிலிருந்து மச்சான் சொன்னார். இரண்டு பொய்யும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருவர் வடக்கே நின்று ஒன்று சொல்ல, மற்றவர் தெற்கே நின்று வேறொன்று சொன்னார். மாமி ஒரு நாள் கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, நீங்கள் உள்ளதைச் சொல்லுவியள். அவனுக்கு என்ன?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்த்த பார்வையில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. நான் சுவரைப் பார்த்தேன். "அவருக்கு ஏதோ கோபம் போல, மாமி," என்றேன்.

என் வாழ்நாளில் நான் சொன்னவற்றில் மிகக் கெட்டிக்காரத்தனமான பொய் அது. எங்கள் ஆட்களிடம் கோபம் என்று சொன்னால் மேற்கொண்டு விசாரணை கிடையாது. கலியாண வீட்டில் கதிரை தரவில்லை என்று பத்து வருடம் கதைக்காமல் இருந்த சகோதரர்களை எனக்குத் தெரியும். ஏன் கோபம் என்று கேட்பதே மானக்கேடு. மாமியும் கேட்கவில்லை. முகம் இறுகிப்போனது. "கோவமோ? இருக்கட்டும். எனக்கும் கோவப்படத் தெரியும்," என்று எழுந்து போனார். நான் பெருமூச்சு விட்டேன். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன்.

அன்று முதல் மாமி மகனைத் திட்டத் தொடங்கினார். காலையில் தேநீர் ஊற்றும்போது திட்டுவார். பெத்த தாய் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருக்கிறாள், எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவன் என்பார். சின்ன வயதில் செய்த குழப்படிகள் எல்லாவற்றையும் கிளறி எடுத்துத் திட்டுவார். துக்கம் கேட்க வந்து நடித்துக்கொண்டிருந்தவர்களிடமும் மகனைப் பற்றி முறைப்பாடு சொல்வார். அவர்கள் தலையை ஆட்டிக் கேட்பார்கள், வெளியே போய்க் காருக்குள் இருந்து அழுவார்கள். மனைவி ஒவ்வொரு முறையும் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவுவார்.

நான் புதன்கிழமைகளுக்காகக் காத்திருந்தேன். நூலகத்துக்குள் போனால் அங்கே மாமி இல்லை, வெள்ளைப் பொடி தூவிய டோப்பா வைத்த பெரிய மனிதர்கள்தான் இருந்தார்கள். வகுப்பு முடிந்து வின்ட்சர் ரோட்டில் காரை ஓட்டி வரும்போதும் அவர்கள் கூடவே வந்தார்கள். இதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பின் இருக்கையில் பிரதமர் கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார். பக்கத்தில் மந்திரி மடியில் பலகை வைத்து, எப்போதோ கலைந்துபோன படைக்குக் கடிதம் எழுதுவார். சிவப்பு விளக்கில் நிற்கும்போது பின்னால் பார்ப்பேன். மாலை வெயிலும் சீற் பெல்ட்டும் மட்டும் இருக்கும். பச்சை விழுந்ததும் திரும்பவும் பேனாவின் கீறல் சத்தம் கேட்கும். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு நான் உடனே இறங்குவதில்லை. அவர்கள் இறங்கட்டும் என்று கொஞ்ச நேரம் இருப்பேன்.

ஒரு புதன்கிழமை பேராசிரியர், தோற்றவர்களுக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொன்னார். மந்திரிக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. தெற்கில் கடைசிப் படையை இழந்த தளபதியைச் சில வருடங்களில் இந்தியாவுக்கு அதிபதியாக அனுப்பினார்கள். அவர் போய்த் திப்பு சுல்தானை அடக்கி, சேலம், திண்டுக்கல் பக்கமெல்லாம் கிழக்கிந்தியக் கும்பனிக்கு எடுத்துக்கொடுத்தார். கைதிகளை இறக்க அமெரிக்கா இல்லாமல் போனதால் கப்பல்களை இங்கே, இந்தக் கண்டத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தோல்வி நடந்திராவிட்டால் இந்த நகரமே இந்த உருவில் இருந்திராது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தோற்றவனுக்கு இந்தியாவா? ஒருவனாவது எழுந்து, பிழை என்னுடையது என்று சொல்லவில்லையா? பேராசிரியர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடி, அப்படிச் சொன்ன ஒருவரைத் தான் இன்னும் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னார்.

வசந்தம் வந்தது. முன் மதிலில் மல்லிகை பூத்தது. ஒரு மாலை, செபமாலை நேரம். மாமி ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லி அவர்களுக்காகப் பத்துப் பத்து மணி உருட்டுகிறவர். மூத்தவர் பெயரில்தான் எப்போதும் தொடங்குவார். அன்றைக்கு நேரே என் மனைவியின் பெயரில் தொடங்கினார்.

"அம்மா, அண்ணையை விட்டுட்டியள்," என்றார் மனைவி.

"விடேல்லை. அவனுக்கு இல்லை. ஒரு ஃபோன் எடுக்கட்டும், பிறகு பாப்பம்."

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. இறந்தவரின் ஆத்துமத்துக்குத் தாயின் செபத்தைவிடப் பெரிதாக எதுவும் இல்லை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். அதை அவர் தன் கையாலேயே நிறுத்திவைத்திருந்தார், என்றாவது ஒருநாள் மகன் அழைப்பான் என்று. மனைவி முழந்தாளில் இருந்தபடி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு மேல் தள்ளிப்போட வழி இருக்கவில்லை.

மச்சானை அழைத்தேன். கோயில் மணி பின்னால் கேட்டது. "நீங்கள் மகன். நீங்கள் வந்து சொல்லுங்கோ," என்றேன்.

"அத்தான், வீட்டுக்கு மூத்தவர் இப்ப நீங்கள்தான். உங்கடை வாயாலை வந்தால்தான் அம்மா தாங்குவா."

மனைவியைக் கேட்டேன். "கோவமெண்டு சொன்ன ஆள்தான் இல்லையெண்டும் சொல்லவேணும்," என்றார். குரலை உயர்த்தவில்லை.

இருதய வைத்தியரைக் கேட்டுக்கொண்டு சொல்வோம் என்று கடைசியாக ஒரு கட்டளையைக் கப்பலில் ஏற்றினேன். வைத்தியர் படங்களைப் பார்த்துவிட்டு, மாமியின் இருதயம் என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றார். சனிக்கிழமை காலை, தேநீருக்குப் பிறகு, நான் சொல்வது என்று முடிவானது.

அந்தக் கிழமைப் புதன் வகுப்பு, சரணடைந்த நாளைப் பற்றியது. தெற்குத் தளபதியின் படை ஒரு சின்னத் துறைமுக ஊரில் அகப்பட்டுக்கொண்டது. முன்னால் எதிரி, பின்னால் எதிரிக்குத் துணை வந்த பிரெஞ்சுக் கப்பல்கள். படை ஆயுதத்தைக் கீழே வைக்க வயலுக்கு அணிவகுத்து வந்தது. முன்னால் தளபதி வரவில்லை. சுகமில்லை என்று சொல்லிவிட்டுத் தனக்கு அடுத்த நிலையில் இருந்தவரிடம் வாளைக் கொடுத்து அனுப்பினார். அவர் அதைப் பிரெஞ்சுத் தளபதியிடம் நீட்டினார். பிரெஞ்சுக்காரர், அங்கே கொடு என்று அமெரிக்கத் தளபதியைக் காட்டினார். அவரோ, அடுத்தவனிடமிருந்து நான் வாங்கமாட்டேன், எனக்கு அடுத்தவனிடம் கொடு என்றார்.

நான் கையை உயர்த்தினேன். "உண்மையில் சுகமில்லையா, இல்லை நடிப்பா?" என்று கேட்டேன். என் குரலில் இருந்த சூட்டில் முன் வரிசையே திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்கும் தெரியாது என்றார். அவருக்கே தெரிந்திருக்குமோ என்பதும் சந்தேகம் என்றார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. கோழை என்று கொப்பியில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

வெள்ளி மாலை எனக்கு உடம்பு குளிர்ந்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பல் கிட்டியது. இரண்டு போர்வைக்குள் படுத்தேன். காய்ச்சல் அளக்கும் கருவி கட்டிலுக்குப் பக்கத்து மேசை லாச்சிக்குள்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

சனி காலை மனைவி வந்து வாசலில் நின்றார். "எழும்பேல்லையோ?"

"காய்ச்சல் போலக் கிடக்கு," என்றேன். "பின்னேரம் பாப்பம். இல்லாட்டி..."

அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடத்தில் நான் காய்ச்சல் என்று சொல்லி அவர் தொட்டுப் பார்க்காதது அதுதான் முதல் முறை. பிறகு கதவைச் சாத்திவிட்டுக் குசினிப் பக்கம் போனார்.

நான் கண்ணை மூடினேன். தூங்கினேனா என்று தெரியாது. ஒரு வயல் தெரிந்தது, புகையிலை வாசம் வந்தது. சிவப்புச் சட்டைக்காரர்கள் இரண்டு வரிசைக்கு நடுவே தலை குனிந்து வந்துகொண்டிருந்தார்கள். யாரோ மெதுவாக மேளம் அடித்தார்கள். நான் தூரத்தில் ஒரு வீட்டில், திரை போட்ட அறையில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டேன். சுகமாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம், எல்லாம் முடிந்துவிடும், நான் அங்கே இருந்திருக்கமாட்டேன். மேளம் நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மனைவியின் குரல் மிகத் தாழ்ந்து கேட்டது. சொல் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்தக் குரலும் நின்றது.

குளிர்சாதனப்பெட்டியின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒப்பாரியை எதிர்பார்த்து நான் போர்வையைப் பற்றிக்கொண்டேன். அது வரவில்லை. மாமி ஒரு கேள்வி கேட்டார். சின்னப் பிள்ளையின் குரல் போல இருந்தது.

"அப்ப, அவன் என்னோடை கோவமில்லையோ?"

எப்படி எழுந்தேன், எப்படி நடந்தேன் தெரியாது. குசினி வாசலில் நின்றேன். மாமி கதிரையில் நேராக இருந்தார். மனைவி தரையில், அவருடைய முழங்காலில் முகத்தை வைத்திருந்தார். தேநீர் இரண்டு கோப்பையிலும் ஆடை படர்ந்து கிடந்தது.

"இல்லை மாமி," என்றேன். "அவர் ஒருநாளும் கோபப்படேல்லை. நான்தான் அப்பிடிச் சொன்னனான். வேற ஒருத்தரும் இல்லை. சொல்லவேண்டாமெண்டு முதல் சொன்னதும் நான்தான்."

அவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நின்றேன். என்ன வந்தாலும் வரட்டும் என்று இருந்தது. என்ன வேண்டுமானாலும் வந்திருக்கலாம், கோப்பைகூட என் மேல் பறந்து வந்திருக்கலாம், அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மாமி என்னை நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் நீர் இல்லை. வீட்டுக்கு வந்த ஒருவரைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார்.

"உங்களுக்குக் காய்ச்சலெண்டு பிள்ளை சொன்னவள்," என்றார். "ஏன் எழும்பி வந்தனீங்கள், தம்பி? போய்ப் படுங்கோ."

பிறகு மகளின் தலையைத் தடவிக்கொண்டு மூத்தவரின் பெயரைச் சொல்லி அருள் நிறைந்த மரியே செபத்தைத் தொடங்கினார். அன்றைக்கு விடாமல் செபித்தார். விட்ட நாட்களை எல்லாம் அன்றைக்கே கொடுத்து முடிக்க நினைத்தாரோ என்னவோ. மனைவி மறுமொழி சொன்னார். நான் வாசலில் நின்று உதட்டை மட்டும் அசைத்தேன். கொஞ்ச நேரத்தில் போய்ப் படுத்தேன்.

இது நடந்து ஒன்றரை வருடம். புதன் வகுப்புக்கு நான் பிறகு போகவில்லை. மாமி நன்றாக இருக்கிறார். காலையில் எனக்குத் தேநீர் ஊற்றித் தருகிறார், சீனி போதுமா என்று கேட்கிறார். குறை ஒன்றும் சொல்வதில்லை, அந்தச் சனிக்கிழமையைப் பற்றி ஒரு சொல்லும் எடுப்பதில்லை. உயிரோடு இல்லாத மகனை மாதக்கணக்கில் திட்டியவர், உயிரோடு முன்னால் நிற்கும் என்னை இன்றுவரை ஒரு நாளும் திட்டவில்லை. அவர் கோப்பையை நீட்டும் ஒவ்வொரு காலையிலும் நான் கொஞ்சம் நின்றுதான் வாங்குகிறேன், இன்றைக்காவது திட்டுவாரோ என்று.